ராசாவுக்குப் போகாத வண்டி

லயத்து வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு அடியில் ஒழுகினால் தெரியட்டும் என்று பிஸ்கட் அட்டை ஒன்றை விரித்துவிட்டு, காப்ரியல் பெட்ரோல் டேப்பைத் திறந்தான். திறந்ததுமே இடதுபக்கக் கார்ப்பரேட்டர் ஒரு சொட்டு விட்டது. வலதுபக்கத்தது கொஞ்சம் யோசித்தது. பிறகு, கூடப் பிறந்ததை விட்டுக்கொடுக்க மனசில்லாததுபோல அதுவும் விட்டது.

"ரெண்டும் சேந்து அழுவுதுடா," என்றான் கூட்டாளி பாலன். அவன் வாயில் சிகரெட் இருந்தது. கையில் தீக்குச்சி இருந்ததைக் காப்ரியல் பார்த்தபோது, அது உரசுவதற்குத் தயாராக இருந்தது. எழுந்துபோய்க் குச்சியையும் பெட்டியையும் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டான். பெட்டி மிதப்பதை இருவரும் சற்று நேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சாரி லா," என்றான் பாலன். "கை பழகிப் போச்சு."

இந்த வண்டி ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. துரை கப்பலேறும்போது எஸ்டேட் வொர்க்‌ஷாப் போர்மேன் சூசைமுத்துவிடம் விட்டுப் போனார். சூசைமுத்து ராசா என்கிற ஊரில் வீடு கட்டி, ஜெனவீவ் என்று ஒரு பெண்ணைப் பெற்று, வண்டியையும் பெண்ணையும் ஒரே கவனத்தோடு வளர்த்தார். காப்ரியல் போய்ப் பெண் கேட்டபோது அவர் சம்பளம் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். "லோரியில ஏத்திக்கிட்டுப் போ. ரிப்பேர் பண்ணி ஓட்டிக்கிட்டு வா. அப்புறம் பேசுவோம்," என்றார். கோலாலம்பூரில் பொருளாதாரம் படிக்கிற காப்ரியலுக்கு, சிலாங்கூர் மாநிலத்தில் ஒரு தகப்பன் போடக்கூடிய நியாயமான நிபந்தனை இதுதான் என்று தோன்றியது.

எஞ்சின் சீக்கிரமே ஓட ஆரம்பித்துவிட்டது. ராசாவுக்கு மட்டும்தான் ஓடவில்லை. ஒரு ஞாயிறு எஸ்டேட் கேட்டில் நின்றது. அடுத்த முறை பத்தாங் பெர்ஜுந்தை வரை போய், இரண்டு கார்ப்பரேட்டரும் பூட்ஸில் பெட்ரோலைக் கொட்ட, பஸ்காரர்கள் கைகொட்ட, அங்கே நின்றது. நேற்று ஹாஸ்டலுக்குப் போன் செய்த ஜெனவீவ், தைப்பிங்கிலிருந்து ஒரு மாப்பிள்ளை தன்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னாள். "நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமையும் நீ வரலன்னா அவருக்கு நான்தான் டீ குடுக்கணும்," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

ஆகவே இந்தச் சனிக்கிழமை, எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பது என்று உட்கார்ந்தான். குழாய் முனைகளில் வாஷர் மாற்றியாகிவிட்டது. கார்ப்பரேட்டர் கிண்ணத்து மிதவைகளை வெந்நீரில் அமுக்கிப் பார்த்தான். ஓட்டை இருந்தால் குமிழி வரும். வரவில்லை. மிச்சம் இருந்தது ஊசி மட்டும்தான். கிண்ணம் நிரம்பியதும் மிதவை மேலே எழும்பி, ஊசியைத் தள்ளிப் பெட்ரோலை அடைக்க வேண்டும். அது அடைக்கவில்லை.

கிண்ணத்தில் இருந்ததை ஜாம் போத்தலில் ஊற்றினான். போத்தலில் இரண்டு அடுக்கு தெரிந்தது. மேலே பெட்ரோல், கீழே தெளிவாக, வேறு எதுவோ. ஊசி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. அதைத் துடைத்துக் காயவைத்து, நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்தான்.

மறுகணமே துப்பினான்.

"என்னடா?"

"உப்பு."

பாலனும் தொட்டு நக்கினான். அவன் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. "பாசிர் பெனம்பாங் பெட்ரோல் கடைச் சீனத் தவுக்கே. மீன்பிடி போட்டுக்கு எண்ணெய் ஊத்துறான்ல, அவன்கிட்டத்தான வாங்குற? கடல் தண்ணியக் கலந்து விக்கிறான்டா. வா, இப்பவே போயி நாலு பேரு முன்னாடி கேப்போம்."

காப்ரியல் போத்தலை எடுத்துக்கொண்டு எழுந்தான். தவுக்கே, அவனைச் சிரித்துக்கொண்டே 'ஆ பாய்' என்று செல்லமாகக் கூப்பிட்டு அளந்து ஊற்றும் மனிதர். இந்தக் கொலைபாதகத்தையா அவர் ஊற்றினார்?

"அந்த மனுசன ஒண்ணும் சொல்லாதீங்கப்பா."

வாசலில் காப்ரியலின் அம்மா நின்றாள். மாடில்டா என்று பெயர், எஸ்டேட் பிள்ளைக் கொட்டகையில் ஆயா. குரல் உயர்த்தாமல் முப்பது பிள்ளைகளைத் தூங்கவைக்கிறவள். கையில் மாதா படம் ஒட்டிய பிளாஸ்டிக் போத்தல். பாதி காலி.

"நான்தான் ஊத்துனேன். நீ ராசாவுக்குக் கெளம்புறப்பெல்லாம். டேங்கில."

"கோயில் தீர்த்தமா?"

"ஃபாதர் உப்பு போட்டுத்தான மந்திரிக்கிறாரு."

காப்ரியல் ஜாம் போத்தலைத் தரையில் வைத்தான். பாலன் வாளியில் மிதக்கும் தீப்பெட்டியைத் தீவிரமாக ஆராய்ந்தான்.

"சைக்கிள்ல போன உங்கப்பனையே லோரி அடிச்சிருச்சு," என்றாள் அம்மா. "இது சிங்கம் மாரி உறுமுது. ஊத்துனேன். நீ ரோட்டுல நின்னுட்டு, நல்லபடியா நடந்து வந்த. அடுத்த தடவையும் ஊத்துனேன். அப்பயும் நடந்து வந்த. ஆண்டவரு என் செபத்தக் கேக்குறாருன்னு நெனச்சேன்."

"பெட்ரோல் சூட்டுக் குழாய் மேல கொட்டிச்சும்மா. நான் எரிஞ்சிருப்பேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய், கோயில் மெழுகுவத்தித் தண்டுகளைத் தேய்க்கிற பித்தளை பாலிஷ் டப்பாவோடு வந்து, தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். காப்ரியல் ஊசிகளைக் கொடுத்தான். சாயந்திரம்வரை தேய்த்தாள். பையன்கள் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துக் கழுவினார்கள்.

ஞாயிறு காலை புதிய அட்டை. புதிய பெட்ரோல், தவுக்கேயிடமே வாங்கியது. அவரிடம் காப்ரியல் காரணமில்லாமல் இரண்டுமுறை நன்றி சொல்லியிருந்தான். டேப்பைத் திறந்தான். இடது, காய்ந்திருந்தது. வலது, அதுவும். எஞ்சின் ஒரே மிதியில் பிடித்தது.

அம்மா போத்தலோடு வந்தாள். டேங்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ஒரு சொட்டு," என்றாள்.

காப்ரியல் வண்டியில் உட்கார்ந்தபடியே டேங்க் மூடியை இடது கையால் பொத்திக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் குனிந்தான். அவள் ஒரு சொட்டோடு நிறுத்தவில்லை. போத்தல் முழுதும் கவிழ்ந்தது. வாரிய முடி கலைந்து, இஸ்திரி போட்ட சட்டை நனைந்து, முழங்கையில் வழிந்து, பேன்ட்டில் இறங்கியது.

அட்டையில், இரண்டு கார்ப்பரேட்டருக்கும் நேர் கீழே, ஒரு ஈரப்பொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பெட்ரோலா, தீர்த்தமா என்று மோந்து பார்க்க, பாலன் மூக்கைக் கீழே கொண்டுபோகக் குனிந்தான். அம்மா அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, மூன்று பேரும் அந்தப் பொட்டு பெரிதாவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.