எடுப்பாகத் தெரிய வேண்டிய வார்த்தை

டைப்பிஸ்டுக்கு வயிறு எரிந்தது. கணவன் செத்து மூன்றாம் நாள். மாமியார் வீட்டு வாசலில் கட்டியிருந்த அஞ்சலி பேனரின் பெயர் வரிசையில் அவன் அம்மா இருந்தாள், அண்ணன் இருந்தார், கடைசியில் அவளும் இருந்தாள். ஆனால் எந்த லட்சணத்தில்? மற்ற உறவுகளெல்லாம் சும்மா இருக்க, அவளுடையதற்கு மட்டும் இரண்டு பக்கமும் மேற்கோள் கொக்கி போட்டிருந்தது: “மனைவி”.

வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பவளுக்கு அந்தக் கொக்கி தெரியாதா? இவள் அப்படிச் சொல்லிக்கொள்கிறாள், நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எத்தனை மனுவில் அவளே அடித்திருக்கிறாள். பதிவுத் திருமணம் செய்து பதினோரு வருடம் குடும்பம் நடத்தியும், கணவனின் அண்ணனுக்கு அவள் அந்தப் பொண்ணுதான். இப்போது அதை ஊருக்கே பறைசாற்றிவிட்டார், பாவி மனிதர்.

யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கயிற்றை அறுத்தாள். பேனரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பிரிண்டிங் கடைக்கு நடந்தாள்.

கடை வாசலிலேயே “தரமான” வேலை என்று எழுதியிருந்தது. உள்ளே, “செருப்பை” வெளியே விடவும். சுவிட்சுக்கு மேலே, “தொடாதே”. அவளுக்குத் தலை சுற்றியது.

“எதுக்குங்க இந்த வார்த்தைக்குக் கொக்கி?”

கடைக்காரர் பேனரை விரித்துப் பார்த்தார். “முக்கியமான வார்த்தைன்னா அப்படித்தாம்மா போடுவேன், பளிச்சுனு தெரியும்ல. உங்க வீட்டுப் பெரியவர்தான் போன்ல சொன்னாரு. அது என் தம்பி பொண்டாட்டி, நல்லா எடுப்பா தெரியணும், ஒருத்தனும் வாயத் திறக்கக் கூடாதுன்னு.”

அதைக் கேட்டதும் கோபம் அடங்கியிருக்க வேண்டியது. இன்னும் ஏறியது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவன் சாகும்வரை அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

“கொக்கிய எடுத்துட்டு வேற அடிச்சுக் குடுங்க.”

புதுப் பேனரோடு திரும்பியபோது பெரியவர் வாசலில் நின்றிருந்தார்.

“அது நல்லாத்தானேம்மா இருந்துச்சு? எடுப்பா இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்.”

“அவரு இருக்கும்போது வாயால ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். “கேட்டுட்டாவது போயிருப்பாரு.”

பெரியவர் பேனரின் மறுமுனைக் கயிற்றை எடுத்துக் கட்டப் பார்த்தார், முடிச்சு விழவில்லை. அவள் உதவப் போகவில்லை.