ஷார்ஜாவிலிருந்து ஒருவர்

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஏழு வருஷத்தில் என்னை அதிகம் படுத்தியது கரண்ட்டும் இல்லை, கட்டட ஓனரும் இல்லை. ஆன்டிவைரஸ்தான். டூரிஸ்டுகள் செருகும் பென் டிரைவிலிருந்து நிஜமான வைரஸ் வரிசையாக இறங்கும்போது வாயே திறக்காது. ஒன்றுமில்லாத கிரிக்கெட் ஸ்கோர் பக்கத்தைத் திறந்தால் ஊரைக் கூட்டும். ஆனாலும் அதை அணைத்துவைக்கப் பயம். ஒரு தடவை ஆறு மெஷினும் மொத்தமாகத் துடைத்துக்கொண்டு போய், பத்து நாள் கடையைச் சாத்திவைத்திருந்தவன் நான்.

சைதூன் அக்கா என் கடைக்குச் சனிக்கிழமைதோறும் வருவார். அவர் கணவர் மஸ்தான் பாய்க்கு அர்ச்சுனன் தபசுக்கு எதிரே சங்கு, சிப்பி வியாபாரம். ஒரே மகன் ஃபர்தீன். கடையில் ஒரு கண்ணாடி அலமாரியைக் கவிழ்த்துவிட்டான் என்று வாடிக்கையாளர்கள் பார்க்க மஸ்தான் பாய் அவனைச் செருப்பால் அடித்தார். இருபத்திரண்டு வயசுப் பையனை அடிக்கிற அடியா அது? அன்றைக்கே வீட்டை விட்டுப் போனான். பம்பாய் ஏஜென்ட் ஒருவன் மூலமாக வளைகுடாவுக்குப் போய்விட்டதாக அவன் சிநேகிதன் சொன்னான். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

அவனைத் தேடுவதற்காக நான்தான் இலவச வெப்சைட் ஒன்றில் பக்கம் போட்டுக் கொடுத்தேன். அவன் போட்டோ, என் கடை நம்பர், அக்கா சொல்லச் சொல்ல அடித்த நாலு வரி. தமிழ் எழுத்தில் போட்டால் பாதி மெஷினில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். அவனுடைய சிநேகிதர்கள் அத்தனை பேருக்கும் முகவரியை மெயில் செய்தேன். எப்படியும் அவன் காதுக்கு எட்டும் என்று ஒரு நம்பிக்கை. பக்கத்தின் அடியில் ஒரு கவுண்டர் ஸ்கிரிப்டை ஒட்டினேன். எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு என்று அது வரிசையாகக் காட்டும். சும்மா அழகுக்காக ஒட்டியதுதான்.

மூன்றாவது மாதம் அதில் ஷார்ஜா என்று ஒரு வரி விழுந்தது. வெள்ளிக்கிழமை, நம் நேரத்துக்கு மாலை மூன்றரை. அடுத்த வெள்ளியும் விழுந்தது. ஜும்மா தொழுது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறான் என்று அக்கா கணக்குப் போட்டார். மெயில் வரவில்லை, போன் வரவில்லை. அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்கள் தேடியும் ஆள் அகப்படவில்லை. அந்த வரி மட்டும் வாரம் தவறவில்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அக்காவுக்கு அந்த ஒரு வார்த்தையின் உருவம் மனப்பாடம். திரையில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் ஒரு தரம் தொட்டுவிட்டுப் போவார். மகன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடும் மஸ்தான் பாயும் சனிக்கிழமை மத்தியானம் சோற்றில் கைவைக்கும் முன்பு “வந்தானா?” என்று மட்டும் கேட்பாராம்.

2007 நவம்பர் மழையில் மஸ்தான் பாய் படுத்தார். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்கா நனைந்துகொண்டே வந்து, வெப்சைட் பக்கத்தில் புதிதாக எழுதச் சொன்னார். வாப்பா சாகக் கிடக்கிறார், உன்னைத்தான் கேட்கிறார், கோபத்தை விட்டுவிட்டு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று அடித்தேன்.

அடித்து முடித்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தைத் திறந்தால் சைரன். சிவப்புக் கட்டம். இந்தப் பக்கத்தில் வைரஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தையே மூடிவிட்டது. அன்று காலைதான் ஆன்டிவைரஸ் புது அப்டேட் வாங்கியிருந்தது. அடுத்த மெஷினில் இருந்த ஜெர்மன்காரப் பெண்மணி பாதி மெயிலோடு எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். செட்டிங்கைக் குடைந்து, இந்தப் பக்கத்தை நம்பலாம் என்கிற பட்டியல் ஒன்றைக் கண்டுபிடித்து, ஆறு மெஷினிலும் அக்காவின் பக்கத்தைச் சேர்த்தேன். சத்தம் நின்றது. சரியாகிவிட்டது அக்கா, நிம்மதியாகப் போங்கள் என்றேன். பெரிய மேதை போலத்தான் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஷார்ஜா வரி விழவில்லை. அடுத்ததும் இல்லை. கடலுக்கடியில் கேபிள் போய்விட்டிருக்கும், மழைக் காலத்தில் அப்படி ஆகும் என்று அக்காவிடம் அளந்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்றாவது வெள்ளியும் சும்மா போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷ்ரவண் வந்தான். சிறுசேரியில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. கடற்கரைக்கு வந்தால் என் கடைக்கும் எட்டிப் பார்ப்பான். ஆன்டிவைரஸின் வாயை எப்படி அடைத்தேன் என்று அவனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அந்தக் கவுண்டர், வருகிறவர்களின் ஊரைக் குறித்துக்கொள்கிற ஸ்கிரிப்ட்; அதை வேவு பார்க்கிற வைரஸ் என்று ஆன்டிவைரஸ் தப்பாக எண்ணிக்கொண்டது, கம்பெனிக்காரர்கள் என்றைக்காவது திருத்துவார்கள் என்று விளக்கினான். பிறகு சொன்னான்:

“நீங்க உங்க கடை சத்தத்த மட்டும்தான் நிறுத்தினீங்க பாய். இதே ஆன்டிவைரஸ் இருக்கற மத்த மெஷின்ல அந்தப் பக்கம் தொறக்கவே தொறக்காது.”

மூன்று வாரம். தகப்பன் சாகக் கிடக்கிற செய்தியை எழுதி, என் கடைக்குள்ளேயே மாட்டி வைத்துக்கொண்டு, நானே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஸ்கிரிப்டை எடுத்துவிட்டால் பக்கம் எல்லோருக்கும் திறக்கும் என்றான் ஷ்ரவண். அப்புறம் யார் வந்தார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியாது என்றான்.

அன்று சாயங்காலமே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். வார்டுக்கு வெளியே அக்காவை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. ஸ்கிரிப்டை எடுத்தால் அவன் உங்களைப் பார்க்கலாம், நீங்கள் அவனைப் பார்க்க முடியாது. வைத்தால் இரண்டுமே இல்லை என்றேன்.

“அந்த வரியும் பூட்டா, எம்புள்ள உசுரோட கீறான்னு எனக்கு யாரு தம்பி சொல்லுவா?”

உள்ளே மஸ்தான் பாய் முனகும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து, “எடுத்துடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஊருக்குத் திரும்பியதும் எடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மஸ்தான் பாயின் முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாக இருந்தது. அக்காவைப் பார்த்து “வந்தானா?” என்றார். வந்தான், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அக்கா கண் இமைக்காமல் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். புதன்கிழமை மவுத்தாகிவிட்டார்.

ஜனவரியில் வந்த அப்டேட்டில் ஆன்டிவைரஸ் தன் தப்பைத் தானே திருத்திக்கொண்டது. எனக்குத் தெரிந்த எல்லா மெஷினிலும் சோதித்துவிட்டு ஸ்கிரிப்டைத் திரும்ப ஒட்டினேன். முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஒரு மெஷினை யாருக்கும் கொடுக்காமல் பிடித்துவைத்திருந்தேன். மூன்று நாற்பதுக்கு விழுந்தது. ஷார்ஜா.

கடையை அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் இத்தாவில் இருந்தார். கணவன் போன நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக் கூடாது. அந்நிய ஆண் என்பதால் நான் வாசற்படியில் நின்றேன், அவர் திரைக்குப் பின்னால் இருந்து பேசினார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே அல்ஹம்துலில்லாஹ் என்று விம்முவது கேட்டது. வாப்பா மவுத்தான செய்தியைப் பக்கத்தில் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

“வாணாம் தம்பி. இருக்காருன்னே இருக்கட்டும். வாப்பா கேக்குறாருன்னா ஓடியாருவான். பூட்டாருன்னா எதுக்கு வரப்போறான்?”

அது பொய்தான். ஆனால் கேபிள் கதை சொன்னவன் அதைச் சொல்ல முடியுமா? சரி என்றேன்.

ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. ஒவ்வொரு வெள்ளியும் வரி விழுந்தது, ஒவ்வொரு வெள்ளியும் நான் போய் வாசலில் நின்று சொன்னேன். முதலில் எந்த நேரம், எத்தனை நிமிஷம் இருந்தான் என்றெல்லாம் கேட்பார். மார்ச்சில் கேள்வி குறைந்தது. கடைசி வாரங்களில் திரைக்குப் பின்னாலிருந்து “ம்” என்று மட்டும் வரும்.

ஏப்ரலில் இத்தா முடிந்ததும் அக்கா கடைக்கு வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஜனவரியிலிருந்து விழுந்த ஷார்ஜா வரிகளை மேலிருந்து கீழாக விரல் வைத்து எண்ணினார். பதினைந்து. அவர் எதை எண்ணுகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாப்பா சாகக் கிடக்கிறார், வந்து முகத்தைக் காட்டு என்பதைப் பதினைந்து முறை படித்துவிட்டு, பதினைந்து முறையும் மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

“தம்பி, இது வேற யாரோதான? எம்புள்ள இல்லன்னு சொல்லேன்.”

இத்தனை மாதம் அவர் இரந்து கேட்டதெல்லாம் அது அவன்தான் என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான். எனக்கு நிஜமாகவே தெரியாது. ஷார்ஜாவில் எத்தனையோ பேர், எத்தனையோ மெஷின்.

“ஃபர்தீன் இல்லக்கா” என்றேன். “அவன்னா வந்திருப்பான்.”

அக்கா தலையை ஆட்டி ஆட்டி ஒத்துக்கொண்டார். பிறகு துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு, மகன் இப்போதுதான் செத்த மாதிரி அழ ஆரம்பித்தார்.