நாற்பத்தோராவது மன்னிப்பு

டப்பிங் அக்கா இதுவரை நாற்பது படங்களில் கணவனை மன்னித்திருக்கிறார். முகம் படத்துக்குப் படம் வேறு நடிகையுடையது. குரல் மட்டும் இவருடையது. அறை வாங்கிக்கொண்டு மன்னித்திருக்கிறார். சின்னவீட்டுக்குக் குழந்தை பிறந்தபோது மன்னித்ததோடு நிற்காமல் தொட்டிலும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

வேலை என்றால் வேலை, அதில் வருத்தமில்லை. வீட்டுக்காரர்தான் தொல்லை. டிவியில் அந்தப் படங்கள் வந்தால் சத்தத்தைக் கூட்டிவிட்டு, பொண்டாட்டி என்றால் இப்படி இருக்கணும் என்பார். பேசுவது தன் பொண்டாட்டிதான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். சொந்தக் குரலே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்னால் ஒருத்தி எங்கே போய் வாதாடுவாள்? நாற்பத்தோராவது சாட்சியைக் கொடுப்பதில்லை என்ற முடிவோடுதான் அக்கா அன்று ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்.

அன்று கிளைமாக்ஸ். கணவன் ஆபீஸ் பெண்ணோடு சுற்றுகிறான். கையும் களவுமாக மாட்டுகிறான். ஆகவே மனைவி அவன் காலில் விழுந்து, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறாள். அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்டார். இது குடும்பப் படம் என்று இயக்குநர் விளக்கினார்.

ஹீரோவின் கண்ணீர் வீணாகக் கூடாதென்று கேமராவை மனைவிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அவளுடைய கொண்டை தெரிந்தது, முதுகு தெரிந்தது. குனிந்ததும் அவையும் திரைக்குக் கீழே மறைந்தன. உதடு தெரியாத இடத்தில் எதைப் பேசினாலும் ஒட்டும்; டப்பிங்கில் அது பாலபாடம். ஒரு டேக் தன் இஷ்டத்துக்குப் பேசிப் பார்ப்பதாக அக்கா சொன்னார். இயக்குநர் போனைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

திரையில் மனைவி குனிந்தாள்.

“கொஞ்சம் கால எடுங்க. என் செருப்ப மிதிச்சிட்டு நிக்கிறீங்க. நான் கெளம்பணும்.”

ஹீரோவின் முகம் திரையை நிறைத்தது. அவர் உதடு தெளிவாகத் தெரிவதால் அவர் வசனத்தை ஒன்றும் செய்ய முடியாது. கண்ணீர் வழிய, பெருந்தன்மையாகச் சொன்னார்: “பரவால்ல. உன்ன மன்னிச்சிட்டேன்.”

சவுண்டு என்ஜினீயர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். இயக்குநர் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது முறை அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, இத வச்சா தயாரிப்பாளர் என்னைக் கொன்னுடுவாரு.”

“கொல்லட்டும் தம்பி. அவரையும் மன்னிச்சிடறேன். எனக்குப் பழக்கம்தான?”

தயாரிப்பாளர் தன் மனைவியோடு படம் பார்க்க வந்தார். அந்தம்மா சிரித்த சிரிப்பில் வசனம் பிழைத்தது.

படம் வந்ததும் அக்கா வீட்டுக்காரரைத் தியேட்டருக்கு அழைத்துப் போனார். அந்த இடத்தில் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் பெண்கள் விசிலடித்தார்கள். வீட்டுக்காரரும் வாய்விட்டுச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் குரல் யாருடையது என்று உறைத்திருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பினார்.

“இது அவங்க எழுதிக் குடுத்ததா?”

“இல்லீங்க. நானா பேசினது.”

அவர், அக்காவின் பக்கம் வரை நீட்டி வைத்திருந்த கால்களைச் சத்தமில்லாமல் மடக்கிக்கொண்டார்.