சுத்தியல் தொடாத வெள்ளி

கொழும்புத்துறையில் பெரிய வெள்ளியன்று சுத்தியல் சத்தம் கேட்காது. ஆண்டவரை ஆணியால் அறைந்த நாள் அது. வள்ளம் கட்டுகிறவனும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பான்.

அந்த நாள் பார்த்துப் பேதுருவின் பழைய கார் படுத்துவிட்டது. பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டனேற்றர் இறுகி, பெல்ற்றையும் அறுத்திருந்தது. அவர் மனைவி செபஸ்தியம்மாவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது; ஓட்டோவுக்குள் மடங்கி ஏற முடியாது. போன பெரிய வெள்ளியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழுது கழித்தவள். இந்த முறையாவது சிலுவையில் உதடு பதித்து முத்தி செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

புத்தூரிலிருந்து மெக்கானிக் மயூரதன் வேறொரு ஒல்டனேற்றரோடு வந்து சேர்ந்தான். நெற்றி நிறையத் திருநீறு. பற்றரி வயரைக் கழற்றிவிட்டுக் குனிந்தவனுக்கு ஒரு போல்ற் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. உப்புக்காற்று அதைத் துருவால் பூட்டியிருந்தது. சுத்தியலை எடுத்தான். பேதுரு அவன் கையைப் பிடித்தார்.

"தம்பி, இண்டைக்கு அது கூடாது."

"ஸ்பனர் பாவமில்லை, சுத்தியல்தான் பாவமோ ஐயா?"

"ஆணியை ஸ்பனராலையே இறுக்கினவங்கள்?"

மயூரதன் சிரித்தபடி சுத்தியலைப் பைக்குள் வைத்தான். போல்ற்றில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தான், திருகினான், மறுபடியும் விட்டான். கோயில் ஒலிபெருக்கியில் முத்திப் பாட்டுத் தொடங்கிவிட்டது. வெள்ளைச் சேலையில் வாசற்கதிரையில் இருந்த செபஸ்தியம்மா இருந்த இடத்திலேயே அதைக் கூடவே முணுமுணுத்தாள். அதுதான் பேதுருவைக் குத்தியது.

"அடியுங்கோ தம்பி. பாவம் என்ரை தலையிலை."

மயூரதன் வாசலைப் பார்த்தான். "அம்மாவுக்குக் கேக்குமே ஐயா. அதைக் கேட்டுப்போட்டு அவ என்னெண்டு மனசாறக் கும்பிடுவா? கொஞ்சம் பொறுங்கோ."

பேதுரு அவனுடைய நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். சைவப் பிள்ளை ஒருவன் என் வீட்டு நோன்பை என்னிடமிருந்தே காப்பாற்றுகிறான்!

இன்னும் கொஞ்ச எண்ணெய், இன்னும் கொஞ்சப் பொறுமை. போல்ற் கிறீச்சிட்டு இளகியது. மாற்று ஒல்டனேற்றரைப் பொருத்தி, பெல்ற்றைப் போட்டுப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, பற்றரி வயரையும் பூட்டினான். பேதுரு திறப்பைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது, சார்ஜ் ஏறாததைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது. வழியில் அது திரும்ப எரிகிறதா என்று பார்க்க மயூரதனும் பின்சீற்றில் ஏறிக்கொண்டான்.

கோயிலடியில் சனம் கலைந்துகொண்டிருந்தது. கோயில் பணிவிடை பார்க்கும் சங்கிலித்தாம் லெனாட் சிலுவையைத் துணியில் ஏந்தி உள்ளே கொண்டுபோகத் திரும்பியிருந்தார். முன்சீற்றில் காலை நீட்டியபடி கைகூப்பிய செபஸ்தியம்மாவைக் கண்டதும், ஒன்றும் கேளாமல் படியிறங்கிக் கார்க்கதவடிக்கு வந்தார். அவள் சிலுவையை இரு கைகளாலும் பிடித்து முத்தி செய்து, நெடுநேரம் விடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேதுருவைத் திரும்பிப் பார்த்தாள். "தம்பிக்கு வாயிலை வைக்க ஏதும் குடுத்தனீங்களோ?"

பேதுரு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நல்ல மனுசன்! தம்பி, வீட்டை வந்து கஞ்சி குடிச்சிட்டுத்தான் போகவேணும். இண்டைக்கு மீன் மட்டும் கேட்டுடாதையுங்கோ."

"வெள்ளிக்கிழமையிலை நாங்களும் மீன் தொடுறேல்லை அம்மா" என்றான் மயூரதன்.