மஹேஷ் இழுத்துக் கட்டிய கயிறு

கயிறு கொஞ்சம் தொய்ந்தால் போதும், மஹேஷுக்குத் தூக்கம் வராது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவன்தான் புதுச் செக்ரட்டரி. போன வருஷம் ஓண அலங்காரப் போட்டியில் பக்கத்துத் தெரு பரிசைத் தட்டிக்கொண்டு போனதிலிருந்து மனுஷனுக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த வருஷம் இரும்புச் சட்டத்தில் விளக்கு எழுத்துகள் பதித்த பெரிய வாழ்த்துப் பலகை ஒன்று செய்து, எங்கள் மாடியின் கைப்பிடிச் சுவருக்கும் எதிர்வீட்டு கான்கிரீட் தூணுக்கும் நடுவே கயிற்றில் தொங்கவிட்டான். நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கிய கனம். கயிறு தொய்யாமல் என்ன செய்யும்?

தொய்ந்தது. உடனே கையால் சுற்றி இறுக்கும் வின்ச் ஒன்றை வாங்கிவந்து எங்கள் சுவரோரம் மாட்டினான். காலையில் வந்து இறுக்குவான். சாயங்காலத்துக்குள் கயிறு மறுபடி இறங்கும். மறுநாள் இன்னும் இறுக்குவான். "ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நிக்கணும் மன்னி" என்பான்.

ஸ்கேலாம்! நான் ஒரு கல்லூரியில் மெக்கானிக்ஸ் எடுக்கிறேன். முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் சொல்கிற விஷயம் இது. கனம் கீழே இழுக்கிறது. அதைத் தாங்க மேல்நோக்கி ஒரு விசை வேண்டும். சாய்ந்து நிற்கும் கயிறுதான் மேல்நோக்கியும் கொஞ்சம் இழுக்கும். படுக்கையாக நிற்கும் கயிறு பக்கவாட்டில் மட்டும்தான் இழுக்கும். சாய்வு குறையக் குறைய, அதே பலகையைத் தாங்கக் கயிறு பல மடங்கு இழுக்கவேண்டி வரும். அந்த இழுப்பு எங்கே போகும்? எங்கள் சுவருக்குத்தான். அதுவோ சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர். அதற்கு நேர் கீழே வாசலில்தான் தெருக் குழந்தைகள் தினமும் காலையில் குனிந்து அத்தப்பூக்களம் என்கிற ஓணப் பூக்கோலம் போடுகிறார்கள். அதில் என் பெண் ஜானவியும் உண்டு.

வெள்ளிக்கிழமை மாடியில் அந்தச் சுவரடியில் மயிரிழை போல ஒரு விரிசல் பார்த்தேன். குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டிவைத்தேன். விரிசல் அகன்றால் காகிதம் கிழியும். சனிக்கிழமை கிழிந்திருந்தது.

மாமியார் அனந்தலக்ஷ்மியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வீடு அவர் பேரில் இருக்கிறது. கயிறு கட்டச் சம்மதம் கொடுத்ததும் அவர்தான்.

"மழை ஈரத்துல காகிதம் கிழியாதாடீ? காலேஜ் பாடத்தை ஆத்துக்குள்ள கொண்டுவராதே, கேட்டோ. இப்போ போய் வேண்டாம்னா தெருவுல என்ன நினைப்பா?"

என் கணவர் கௌசிக்கோ, "ஓணம் வரைக்கும்தானே, விடேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தைகள் தலைக்கு மேலே செங்கல் ஆடுகிறது, இவர்களுக்குத் தெரு என்ன நினைக்கும் என்று கவலை!

ஞாயிற்றுக்கிழமை மஹேஷ் வருவதற்கு முன்பே மாடிக்குப் போய் வின்ச்சின் பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். குழந்தைகளை எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளிப் போய்ப் பூப்போடச் சொன்னேன். நானே கயிற்றைத் தளர்த்தியிருக்கலாம்தான். நான் உள்ளே போன மறுநிமிஷம் அவன் இறுக்கியிருப்பான். தெருவே பார்க்க அவன் கையாலேயே தளர்த்த வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வாசலில் வந்து நின்றான் மஹேஷ். "மன்னி, பிடியைக் குடுங்கோ. நாளைக்கு ஜட்ஜ் எல்லாம் வரா."

"தரமாட்டேன்."

பக்கத்தில் தெருவிலேயே வடம்வலிக்கு, அதாவது ஓணத்துக் கயிறிழுக்கும் போட்டிக்கு, பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மஹேஷ்தான் அணித் தலைவன். வடத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்கிறவன் சுதீஷ். மலை மாதிரி ஆள்.

"மஹேஷ், நீயும் சுதீஷும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு உங்க பலம் மொத்தமும் போட்டு இழுங்கோ. நடுவுல நான் ஒரு கையால அமுக்கறேன். வடம் நேரா நின்னுதுன்னா பிடியைத் தரேன், எங்காத்துச் சுவரை என்ன வேணா பண்ணிக்கோ. வளைஞ்சுதுன்னா உன் கையாலயே தளர்த்தணும்."

தெரு சிரித்தது. சுதீஷ் என்னைப் பார்த்துப் பாவம் என்பது போல் தலையை ஆட்டினான். இருவரும் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். கழுத்து நரம்பு புடைத்தது. வடம் விறைத்து நின்றது. நான் நடுவில் போய் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். அது சொன்னபடி கேட்டுக் கீழே இறங்கியது. இரண்டு தடியர்களும் தடுமாறி என் பக்கம் நகர்ந்து வந்தார்கள்.

"அய்யோ சேச்சி! ஒரு தடவைகூடிப் பார்க்கலாம்" என்றான் சுதீஷ். குதிகாலை ஊன்றி மறுபடி இழுத்தார்கள். நானும் மறுபடி அமுக்கினேன். மறுபடியும் வந்தார்கள். இப்போது தெரு அவர்களைப் பார்த்துச் சிரித்தது.

மஹேஷின் முகம் சிவந்துவிட்டது. "இது கள்ளக்களி, ஏமாத்து ஆட்டம்! எங்க கால் வழுக்கித்து. சுவருக்கு ஏது காலு?"

"வாஸ்தவம். சுவர் வழுக்காது. பேர்ந்து விழும்."

யாரும் சிரிக்கவில்லை. வாசற்படியில் நின்றிருந்த மாமியார் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். பிறகு, எதிர்ச்சாரியில் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்த ஜானவியைப் பார்த்தார்.

"மஹேஷ், மேல போய்த் தளர்த்து."

"மாமி, ப்ரைஸு?"

"ப்ரைஸ் பக்கத்துத் தெருவுக்கே போகட்டும். போடா."

பிடியை அவன் கையில் வைத்தேன். அவனே சுற்றித் தளர்த்தினான். கயிறு நன்றாகத் தொங்கியது. பலகையும் இறங்கி நின்றது. குழந்தைகளை மட்டும் நான் திரும்ப வாசலுக்கு விடவில்லை. ஓணம் முடிந்ததும் கொத்தனார் வருகிறார். அன்று சாயங்காலம் மாமியார் யாரிடமும் சொல்லாமல், சாதப் பருக்கையைத் தொட்டு விரிசலின் மேல் புதுக் காகிதம் ஒட்டியிருந்தார்.

மறுநாள் காலை அது கிழியவில்லை. மாமியார் இரண்டு தடவை மாடியேறிப் பார்த்துவிட்டு வந்தார்.

போட்டி நடுவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "எல்லாம் கொள்ளாம், ஜோராயிருக்கு. கயிறுதான் தொய்ஞ்சு கெடக்கு. கொஞ்சம் இழுத்துக் கெட்டக்கூடாதா?" என்று கேட்டார். மஹேஷ் ஆசையாக வாயைத் திறந்தான்.

மாமியார் முந்திக்கொண்டார்.

"கூடாது. எங்காத்து மாட்டுப்பொண்ணு சொல்லியிருக்கா."