புது லைனின் முதல் வீடு

அந்தக் கார்த்திகை மழையில் மலை சரிந்து எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகள் மண்ணுக்குள் போனபோது, ஒண்டிக்கடைப் பகுதியை ஒட்டிய எங்கள் தெருவைப் போல இரக்கப்பட்ட தெரு இந்த ஏற்காட்டிலேயே கிடையாது. பிழைத்து வந்த குடும்பங்களைச் சமுதாயக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். முதல் வாரம் அங்கே போன சாம்பார் சாதத்தைப் பார்த்தால், அவர்கள் பசியால் இல்லை, அஜீரணத்தால்தான் அவதிப்பட்டிருக்க வேண்டும். எங்கள் தெரு ஜெயகுமாரி பழைய கம்பளிகளைத் துவைத்துக் கொடுத்தாள். கொடுத்ததைவிடக் கொடுக்கும்போது எடுத்த போட்டோக்கள் அதிகம்.

அடுத்த மாதமே கூடத்துக் கழிப்பறைத் தொட்டி நிறைந்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்களுக்காகக் கட்டிய தொட்டி அது. ஒரு லைனே அதில் குடியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்? அது வழிந்து எங்கள் தெருச் சாக்கடைக்கு வந்த அன்றைக்கு எங்கள் இரக்கமும் அதோடு சேர்ந்து ஓடிப்போனது. "பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வாய், "எப்பங்க காலி பண்ணுவாங்க?" என்று கேட்க ஆரம்பித்தது.

எஸ்டேட் முதலாளி லைனைத் திரும்பக் கட்டவில்லை. அந்த இடத்தில் சுற்றுலா விடுதி வரப்போகிறது என்று பேச்சு. ஆகவே அரசாங்கமே ஊருக்குள் வீடு கட்டிக்கொடுக்க முடிவு செய்து, எங்கள் தெருவுக்கு எதிரே இருந்த சரிவைப் பிடித்தது. அந்த இடம் ஏன் இத்தனை காலம் காலியாகக் கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை. இடம் பார்க்க வந்த இன்ஜினியர் நல்ல வெயில் நாளாகப் பார்த்து வந்தார். வந்தவர் ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார். அவருடைய ஷூவில் ஒரு பொட்டு மண் இல்லை என்பதற்கு நான் சாட்சி.

வரிசைக்கு மேல் வரிசையாக வீடுகள் எழும்பின. வரைபடத்தில் வண்டி ஏறுகிற மாதிரி ஒரு சாய்வுப் பாதை இருந்ததாம். தடுப்புச்சுவர் கட்டியதில் அது காணாமல் போய்விட்டது. மிச்சம் செங்குத்தான படிக்கட்டுதான். தண்ணீர்த் தொட்டி அடியில். மோட்டார் நல்ல மனநிலையில் இருந்தால் நடு வரிசை வரை தண்ணீர் ஏறும். மேல் வரிசைக் குழாயைத் திறந்தால் காற்று வரும், இரைச்சலோடு. முகப்பில் மாட்டிய பலகையில் பெரிய பெயராக எழுதியிருந்தார்கள். நாங்கள் யாரும் அதை வாசித்ததில்லை. எங்களுக்கு அது புது லைன்.

இனி ராணியின் கதைக்கு வருகிறேன். எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவள். அவள் புருஷன் வெள்ளையனுக்குச் சிறுநீரகம் ரெண்டும் போய்விட்டது. வாரம் ரெண்டு தடவை பஸ்ஸில் சேலம் இறங்கி, டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். ரெண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வீடு ஒதுக்கிய அதிகாரி பானு, பாவம், விவரமான பெண். எல்லாருக்கும் குலுக்கல் போட்டாலும் கீழ் வரிசை முதல் வீட்டை மட்டும் குலுக்கலில் சேர்க்காமல் ராணிக்கென்று எடுத்து வைத்திருந்தாள். வாசலிலேயே ரோடு, பக்கத்திலேயே தொட்டி, கூப்பிடு தூரத்தில் பஸ். சாவியைக் கொடுத்து, "ஜாக்கிரதையா வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினாள்.

ஜீப் வளைவு திரும்பியிருக்காது. ராணி அந்தச் சாவியை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் மேஸ்திரி ராமசாமியிடம் நீட்டினாள்.

ராமசாமிதான் எஸ்டேட்டில் ஆட்களை நிறுத்தி வேலை வாங்கியவர். லைனில் முதல் வீடு மேஸ்திரிக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ராணியின் அம்மா காலத்திலும் அப்படித்தான். குலுக்கலில் மேஸ்திரிக்கு மேல் வரிசைக் கடைசி வீடு விழுந்திருந்தது. மேஸ்திரி உச்சியில் இருக்க, தான் முதல் வீட்டில் காலை நீட்டிப் படுப்பதாவது? அவரும் யோசிக்கவில்லை. இடது கையால் வாங்கிக்கொண்டு தன் சாவியை அவளிடம் கொடுத்தார். ஒரு நன்றிகூட இல்லை. அவருக்குச் சேர வேண்டியது அவருக்கு வந்தது, அவ்வளவுதான். லைன்காரர்கள் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. "இவளுக்கென்ன கிறுக்கா?" என்று வாயைப் பிளந்தது எங்கள் தெருதான்.

அப்போதெல்லாம் வெள்ளையன் மெல்ல நடந்தே படி ஏறி இறங்கினான். முடியாத நாளில் லைன் பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். பிறகு ஒவ்வொருவனாகச் சேலத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டான். நாற்காலி மட்டும் மிஞ்சியது. அதற்கப்புறம் ராணி தன் முதுகில் தூக்க ஆரம்பித்தாள். காபி மூட்டை சுமந்த முதுகுதான். ஆனால் மூட்டை, "விடு புள்ள, நான் போகலை, இங்கயே கெடக்கறேன்" என்று படிக்குப் படி சொல்லாது.

அதற்குள் முதல் வீட்டு வாசலில் மேஸ்திரி சம்சாரம் குப்பாயி தார்ப்பாய் கட்டி, பெஞ்சு போட்டு, டீக்கடை வைத்துவிட்டாள். ஒரு நாள் ராணி அங்கே போய் நின்றாள். நானும் டீ குடிக்கிற சாக்கில் அங்கேதான் இருந்தேன்.

"மேஸ்திரியம்மா, ஒண்ணு கேக்கோணுங்க."

"சக்கரை கம்மியா?"

"டீ இல்லீங்க. ஊடு."

குப்பாயி வடிகட்டியை உதறினாள். "எந்த ஊடு?"

"அவருக்கு ஏறி எறங்க முடியலீங்க. மாத்திக்கிட்டீங்கன்னா நொம்பப் புண்ணியமாப் போவுமுங்க."

"ஏம்புள்ள, நீயா வந்து ரெண்டு கையாலயும் குடுத்தே. நாங்க கேட்டமா?"

"கேக்கலீங்க."

"அப்பறம்? எஸ்டேட்டும் போச்சு, சம்பளமும் போச்சு. இந்த அடுப்ப வெச்சுத்தான் பேரம்பேத்தி வரைக்கும் கஞ்சி. இதைக் கொண்டுபோயி மேல வெச்சா, காட்டெருமையா வந்து டீ குடிக்கும்?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ராணியும் சிரித்தாள். மேஸ்திரியம்மா சொன்னதற்குச் சிரிக்காமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.

விஷயம் எப்படியோ பானு காதுக்குப் போனது. எப்படி என்று ஜெயகுமாரியைக் கேட்டால் கூரையைப் பார்ப்பாள். பானு வந்த வேகத்தில், ராமசாமி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ராணி, இந்த வீடு உங்களுக்கு வேணுமா? வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னிக்கே மாத்திடறேன்."

எங்கள் தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ராணி மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"மேஸ்திரியார் என்ன சொல்றாருங்களோ, அதுதானுங்க."

"நான் உங்களைக் கேக்கறேன்."

"அதேதானுங்க."

"அவிங்களுக்கு மேல நல்ல காத்தோட்டமுங்க மேடம்" என்றார் ராமசாமி.

"அப்படியா?"

"ஆமாங்க" என்றாள் ராணி.

பானு வண்டி ஏறிவிட்டாள். ஜெயகுமாரி ஓடிப்போய் ராணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"மூஞ்சிக்கு முன்னால நிக்கறப்ப எப்படீங்க சொல்றது? அவரு அந்தப் பக்கம் போனதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அந்தம்மா போயிட்டாங்களே" என்றாள் ராணி. கண்ணில் தண்ணீர் நின்றது. எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது.

கோடை மழை பிடித்துக்கொண்டது. படிக்கட்டு பாசி பிடித்து வழுக்கியதில் ஒரு தடவை சேலம் போவது தவறியது. வெள்ளையனின் கால் பூசணிக்காய் போல ஆனது. அடுத்த தடவை எப்படியோ இறக்கிக் கூட்டிப்போய், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினாள். கொட்டுகிற மழை. படிகளில் ஓடை மாதிரி செம்மண் தண்ணீர் இறங்கியது. அவனை முதுகில் போட்டுக்கொண்டு ஏறியவள், கீழ் வரிசையைக்கூடத் தாண்டவில்லை. கால் வழுக்கி ரெண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்தார்கள். திரும்ப எழுந்தாள், திரும்ப விழுந்தாள். அப்புறம் அவனை இழுத்துக்கொண்டு முதல் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"ராமசாமி! கதவைத் திற!"

இரைச்சலான மழையிலும் தெருவே கேட்டது. மேஸ்திரியை அந்த லைனில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேல் வரிசைகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நாங்களும் ஜன்னலுக்கு வந்தோம். இறங்கிப் போகத்தான் ஒருவருக்கும் குடை கிடைக்கவில்லை.

"என் சாவிடா அது! திற!"

கதவு திறந்தது. ராமசாமி திட்டவில்லை. ஓரமாக விலகி நின்றார். "உள்ள பாரு புள்ள. எங்க போடட்டும்? நீயே எடத்தைக் காட்டு."

அவள் பார்த்தாள். ஒரே அறை. அடுப்பு, பால் கேன், மூட்டைகள், பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த மருமகள், வரிசையாகப் படுத்திருந்த பிள்ளைகள், காலை மடக்கிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த குப்பாயி. அந்த வீட்டில் ஓர் ஆளுக்கு இடம் இல்லை. அது உண்மைதான். குப்பாயிக்கு அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. ராமசாமியே வெள்ளையனின் காலைப் பிடித்தார். டீக்கடை பெஞ்சில் படுக்க வைத்து, தார்ப்பாயை இறக்கிக் கட்டினார்கள்.

அன்றிலிருந்து வெள்ளையன் அந்த பெஞ்சில்தான். உரச்சாக்கைப் பிரித்து மறைப்புக் கட்டியிருக்கிறார்கள். மேலே அரசாங்கம் கொடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. நோயாளி படுத்திருக்கும் இடத்தில் டீ குடிக்க எங்கள் தெருவுக்கு மனசு வராததால் கடையும் படுத்துவிட்டது. குப்பாயி காலையில் எழுந்ததும் அவனைத் திட்டுகிறாள். பிறகு, தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டியவனுக்கு ராணி பார்க்காத நேரம் அரை டம்ளர் டீயும் கொடுக்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதற்காக ராணியோடு மேஸ்திரி இன்னும் பேசவில்லை. ஆனால் பஸ் வந்தால் முதலில் கையைக் காட்டி நிறுத்துவது அவர்தான்.

நேற்று ரோட்டு வேலை ஆட்கள் வந்தார்கள். கோடை விழாவுக்கு வண்டிகள் ஏறி வரும், ஓரம் அகலமாக வேண்டும் என்று வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். கோடு நேராக வெள்ளையனின் பெஞ்சுக்கு வந்தது.

"அண்ணா, இந்த எடத்துல மட்டும் கொஞ்சம் வளைச்சுப் போடுங்களேன்" என்றாள் ராணி.

"வளைக்கறதாம்மா? கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கற எல்லாத்தையும் எடுத்தே ஆகோணும். உங்களுக்கு ஊடு வாசல் இல்லீங்களா?"

அவள் மேலே கையைக் காட்டினாள். அந்த ஆள் அண்ணாந்து பார்த்தார். புதுச் சுண்ணாம்பு வெயிலில் பளபளத்தது.

"அவ்வளவு நல்ல ஊடு கட்டிக் குடுத்தும், ரோட்டுல வந்து படுத்துக்கறீங்களே!"

ஜன்னலில் நின்ற எங்களுக்கும் அது கேட்டது. பிரஷ் பெஞ்சுக்கு அடியில் வந்தது. ராணி குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த அவனுடைய வீங்கிய காலில் பெயிண்ட் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.