ஆறுக்குப் பிறகு எட்டு

1

“அம்மாகிட்ட போட்டுக் காட்டவே இல்லையா நீ?”

“பேரு கேட்டாங்க. பேரு சொன்னேன்.”

“பேரு மட்டும்தானா?”

“பேரு மட்டும்தான், அண்ணே.”

“அதத்தான் கொண்டுபோய் சர்ச்சுல குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கெழம பூசையில வாசிச்சாங்களாம். பக்கத்துல உக்காந்திருந்த பொம்பள சிரிப்ப அடக்க முடியாம எந்திரிச்சு வெளிய போயிடுச்சாம்லா.”

இந்தக் கதை இந்தப் பேச்சிலிருந்துதான் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பினாங்கின் ஜெலுத்தோங்கில், நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே நூர் பீவியின் மீ கோரெங் நூடுல்ஸ் கடை இருக்கிறது. நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அண்ணே என்று அழைக்கப்பட்டவர் புவனேஸ்வரன், டத்தோ கிராமாட்டில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர். மற்றவன் லாரன்ஸ். வயது இருபத்து மூன்று, ராப் பாடுகிறவன். அவனுடைய முதல் ஆல்பம் வெளிவந்து அன்றோடு ஒன்பது நாள். அதன் பெயர் ‘வீட்ல கேக்காதீங்க’.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகளுக்கும் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குமான வேண்டுதல்களுக்கு நடுவில், இப்படி வாசிக்கப்பட்டது: “அமலம்மாள் குடும்பத்தார், மகன் லாரன்ஸின் ‘வீட்ல கேக்காதீங்க’ நல்லபடியாக வெளிவந்ததற்கு நன்றியாக.” சபையார் வழக்கமான பதிலைச் சொன்னார்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“லாரன்ஸுக்கு ஓர் அண்ணன் இருந்தான்.” (உண்மைதான். ஆனால் ‘இருந்தான்’ என்றதுமே கதை முடிந்துவிடுகிறது.)

“அன்று மழை. பினாங்கு மழை என்பது ஒரு” (எங்கே போகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.)

“ஏழாவது பாட்டில் என்ன இருக்கிறது என்றால்,”

இதுவே போதும். ஏழாவது பாட்டில் என்ன இருக்கிறது என்றால், நாதன் இருக்கிறான். லாரன்ஸின் அண்ணன். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். மூன்று வருடங்களுக்கு முன், விடுமுறை நாளொன்றில், மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரி மோதி இறந்தான். ஓவர்டைமுக்குக் கூப்பிட்டதால்தான் அவன் கிளம்பினான் என்று அமலம்மாள் நம்புகிறார். கூப்பிட்டது அவனுடைய மேற்பார்வையாளர் சுகுமாரன் என்றும் நம்புகிறார். “நான் கூப்புடலம்மா” என்று சுகுமாரன் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அவர் வருடா வருடம் நினைவுப் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கிறார். எப்போது மண்டியிட வேண்டும் என்று தெரியாமல் முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்கிறார். பூசை முடிந்து அவர் கையை நீட்டினால் அமலம்மாள் வேறு யாரிடமாவது பேசத் தொடங்கிவிடுவார்.

கூப்பிட்டது லாரன்ஸ். ராப் போட்டி முடிந்திருந்தது, மழை, பஸ் வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைத் தொலைபேசியில் எழுப்பி, வந்து ஏற்றிக்கொண்டு போகச் சொன்னான். இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. மூன்று வருடங்கள் கழித்து புவனேஸ்வரனின் கூடத்தில், மைக்கில் சொன்னான்.

3

எழுதலாமா என்று லாரன்ஸிடம் கேட்டேன்.

“எழுதிக்கோலா. என்னைக் கொஞ்சம் ஒயரமா எழுது.”

ஆகவே லாரன்ஸ் உயரமானவன்.

“அம்மா தமிழ் படிப்பாங்களா?”

“நல்லாவே படிப்பாங்க.” கொஞ்சம் யோசித்தான். “பேர மட்டும் மாத்திடு.”

மாற்றினேன்.*

* வேறு பெயரில் அவன் பொய் சொல்கிறவன் போல இருந்தான். திரும்ப மாற்றிவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

4

வரவேற்பு என்று பார்த்தால் நன்றாகவே இருந்தது. இணையத்தில் ஒருவர் ‘துணிச்சலான ஒப்புதல் வாக்குமூலம்’ என்று எழுதினார். புவனேஸ்வரன் அதைப் படித்துவிட்டு, “இவன் யாருடா, போலீஸ் மாதிரி எழுதுறான்” என்றார். ஏழாவது பாட்டைக் கேட்டு அழுததாக நானூறு பேர் எழுதினார்கள். கிள்ளானில் ஒருவர் அதன் ஒரு வரியைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டி, படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒவ்வொருவருக்கும் லாரன்ஸ் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

நானூறு பேர் அவனை மன்னித்துவிட்டார்கள். மன்னிக்க வேண்டிய இரண்டு பேருக்கு விஷயமே தெரியாது.

5

பூசையில் பெயர் வாசிக்கப்பட்ட பிறகு எங்கள் அடுக்குமாடியில் எல்லாரும் ஆல்பத்தைக் கேட்டார்கள். பெருமையாக இருந்தது. மோட்டார் பட்டறையில் ஓடியது, துணி காயப்போடும் இடத்தில் ஓடியது, மீ கடையில் காலை முதல் ஓடியது. ஆனால் அமலம்மாள் பக்கத்தில் இருந்தால், ஆறாவது பாட்டு முடியும்போது ஒரு கை நீண்டு எட்டாவதற்குத் தள்ளிவிடும். பட்டறையில் அது எண்ணெய்க் கை. மீ கடையில் கரண்டி பிடித்த கை. இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை.

“எத்தன நாளைக்குடா நான் கரண்டியப் போட்டுட்டு ஓடுறது?” என்று நூர் பீவி ஒரு நாள் லாரன்ஸைப் பிடித்துக்கொண்டார். “நேத்து ஒரு தட்டு மீ கருகிப்போச்சு.”

“கொஞ்ச நாளைக்குக்கா.”

“பாட்டுல மட்டும் சிங்கம் மாதிரி கத்துறே. மாடிப்படி ஏறுனா கொஞ்ச நாளா?”

“அக்கா, நான் சொல்லிடுவேன்.”

“எப்போ? ரெண்டாவது ஆல்பத்துலயா? முட்ட போடவா, வேணாமா?”

“போடுங்க.”

6

நூர் பீவியை எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. கதைக்கு என்ன தேவையோ அதை மிகச் சரியாகச் சொல்கிறார். இப்படிப்பட்டவர்களை எழுதுகிறவர்கள்தான் கற்பனையில் உருவாக்குவார்கள். ஆனால் கருகிய அந்தத் தட்டு என் மேசைக்குத்தான் வந்தது. சாப்பிட்டேன். ஆகவே இருக்கட்டும்.

8

(ஏழு இல்லை. இங்கே எல்லாருக்கும் பழகிவிட்டது.)

முடிவுகள் சில யோசித்தேன்.

சுகுமாரன் பாட்டைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியோடு மாடி ஏறி வருகிறார். (வரமாட்டார். கடைசி வரிசையில் நிற்கிறவர் அவர்.)

அமலம்மாள் கடைசிவரை தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார். (அவருக்கு ஐம்பத்தாறு வயது. மின்தூக்கியை நம்பாமல் தினமும் ஐந்து மாடி ஏறுகிறார். நாம் காத்திருக்க முடியாது.)

லாரன்ஸ் ஏழாவது பாட்டை நீக்கிவிடுகிறான். (இதற்கு அவன் உண்மையிலேயே முயன்றான். “எடுத்துடலாம்ணே” என்று புவனேஸ்வரனிடம் போய் நின்றான். “எடுத்துடலாம். நானூறு பேரு ஏன் எடுத்தேன்னு கேப்பான். அவனுங்களுக்கு என்னா சொல்லப்போறே, அதையும் பாடுவியா?” என்றார் அவர்.)

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு சனிக்கிழமை மதியம் மட்டும். அதை லாரன்ஸ் என்னிடம் மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் ஒரே இடத்தில் நிறுத்தினான். பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

9

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அமலம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்து தொலைபேசியை மேசைமேல் வைத்தார்.

“கீழ எல்லாரும் ஆறாவது முடிஞ்சதும் கைய வைக்கிறாங்க.”

லாரன்ஸ் சோற்றைப் பிசைந்தான்.

“நானும் ரெண்டு வாரமாப் பாக்குறேன். நூர் பீவி கரண்டியோட ஓடுது. சரி, கெட்ட வார்த்த ஏதும் பாடியிருப்பே, எங்கிட்ட மறைக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

“அம்மா...”

“சாப்புடு. நேத்து நானே போட்டுக் கேட்டேன். கெட்ட வார்த்த ஒன்னும் இல்ல.”

கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கோபமாக இருக்கிறதா என்று பார்த்தான். அழுததுபோல இருக்கிறதா என்று பார்த்தான். அரிசி விலை பேசும் முகமாகத்தான் இருந்தது.

“மூணு தடவ கேட்டேன். மழைங்கறே. பஸ்ஸு வரலைங்கறே. அண்ணன் பேரச் சொல்றே. அது வரைக்கும் வெளங்குது. அதுக்கப்புறம் நாலு வரி ஓடுது பாரு, என்னா வேகம், எனக்கு ஒன்னும் புடிபடல. கண்ண மூடிக்கிட்டுக்கூடக் கேட்டுப் பாத்தேன்.”

அவர் தொலைபேசியை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பாட வேணாம், தம்பி. பேசுற மாதிரி, அந்த நாலு வரிய மெதுவா ஒரு தடவ சொல்லு.”